எம்.சி. ரோடு, சௌகார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர்: கூட்டத்தில் பணமும் போனும் பத்திரமாக இருக்க

மாயவரம் | நவம்பர் 10, இரவு 8.50

தை மாசக் கல்யாணத்துக்குத் துணி எடுக்க மெட்ராஸ் வர்றோம். அம்மா, அக்கா, அக்கா பசங்க ரெண்டு பேர், நான். எழும்பூர்ல இறங்கி முதல் நாள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, மறுநாள் சௌகார்பேட்டை, ஞாயிறு காலையில காசிமேடு மீன் மார்க்கெட், கடைசியா கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர். ரொக்கம் நாற்பதாயிரம். சொந்தக்காரங்க எல்லாரும் "வடசென்னையா? பாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டே நடங்க"ன்னு சொல்றாங்க. அது சரிதானா? எதை எங்கே வெச்சுக்கணும்?

கொண்டித்தோப்பு | நவம்பர் 10, இரவு 9.35

பாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு நடக்கவே நடக்காதீங்க. பணம் எங்கே இருக்குன்னு நீங்களே காட்டிக் கொடுக்கிற வேலை அது. "ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை" பலகையைப் படிச்ச உடனே பத்துப் பேர்ல பாதிப் பேருக்குக் கை தானா பர்ஸுக்குப் போகும். எடுக்கிறவன் அந்தப் பலகைக்குப் பக்கத்துல நின்னாலே போதும்.

ஏரியாவைப் பார்த்துப் பயப்படுறதும் வேண்டாம். தி.நகர்லயும் இதே கூட்டம்தான், இதே ஆட்கள்தான். கவனிக்க வேண்டியது நேரத்தை. ரெண்டு கையும் வேலையா இருந்து, கண்ணும் ஒரே இடத்துல இருக்கிற சில நொடிகள். பஸ் படியில் ஏறுறது, கல்லாவில் பில் போடுறது, மீன் கூடை மேல குனியுறது, தீபாராதனைக்குக் கை கூப்புறது. மத்த நேரத்துல சாதாரணமா நடந்தா போதும்.

கொண்டித்தோப்பு | நவம்பர் 10, இரவு 9.52

ஒண்ணு விட்டுப்போச்சு. தனி ஆள் செய்யறது குறைவு. பெரும்பாலும் மூணு பேர். ஒருத்தர் உங்க முன்னாடி திடீர்னு நிப்பார் அல்லது படியில் தயங்குவார். பின்னாடி இருக்கிறவர் அந்த நெருக்கத்துல எடுப்பார். எடுத்தது அடுத்த நொடியே மூணாவது ஆள் கைக்குப் போயிடும். அதனால இடிச்ச ஆளைப் பிடிச்சாலும் அவர்கிட்ட ஒண்ணும் இருக்காது. காரணமே இல்லாம முன்னாடி ஒருத்தர் நின்னா, அவரைப் பார்க்காம உங்க பையைப் பாருங்க.

கையில மடிச்சுப் போட்ட துண்டு, ஷால், காலியான கட்டைப்பை, விரிச்ச பேப்பர், இதெல்லாம் கையை மறைக்கிற திரை. அதுக்காகத் துண்டு போட்டவங்க எல்லாரையும் சந்தேகப்படாதீங்க. உங்க பைக்கும் உங்க கண்ணுக்கும் நடுவுல அது வந்தா மட்டும் ஒரு அடி நகருங்க.

கொண்டித்தோப்பு | நவம்பர் 11, காலை 6.40

பணக் கணக்குக்கு வர்றேன். நாற்பதாயிரம்னா ஐந்நூறு ரூபாய்த் தாள் எண்பது. ஒரே பர்ஸ்ல திணிச்சா பேன்ட் புடைச்சு நிக்கும். பிரிச்சுடுங்க: அம்மாகிட்ட 15,000, அக்காகிட்ட 15,000, உங்ககிட்ட 8,000. மீதி 2,000-ஐ நூறு, ஐம்பது, இருபதா மாத்தி ஒரு சின்ன பர்ஸ்ல. அந்தச் சின்ன பர்ஸ் மட்டும்தான் தெருவில் திறக்கணும். மத்த மூணும் கடைக்குள்ள, உட்கார்ந்த இடத்துல, பில் தொகை தெரிஞ்ச பிறகு.

பர்ஸைச் சுத்தி அகலமான ரப்பர் பேண்ட் ரெண்டு, குறுக்கும் நெடுக்குமா போடுங்க. உருவும்போது துணியோட உரசி நிக்கும், தெரிஞ்சிடும்.

வண்ணாரப்பேட்டை தையல்கடை | நவம்பர் 11, காலை 10.15

ரப்பர் பேண்டை மட்டும் நம்பக் கூடாதுங்க. பேன்ட் பாக்கெட்டோட உள்துணி அடியில தொங்கிக்கிட்டு இருக்கும். விரலால அந்தத் துணியை மேல இருந்து மடிப்பு மடிப்பா சுருட்டினா பர்ஸ் தானா மேல ஏறி வந்துடும். பாக்கெட்டுக்குள்ள கையே போகாது. ரப்பர் பேண்டும் துணியோட சேர்ந்தே மேல வரும், உரசாது.

பாக்கெட் உள்துணியோட அடி மூலையை பேன்ட்டோட பக்கத் தையல்ல நாலு தையல் போட்டுப் பிடிச்சுடணும். அப்புறம் சுருட்ட முடியாது. எந்தத் தையல்காரரும் அஞ்சு நிமிஷத்துல செய்வாங்க. பின்பாக்கெட்டைக் காலியா விடுங்க. சட்டைப் பாக்கெட்டும்தான்.

அம்மா, அக்காவுக்கு உள்பாவாடையில ஜிப் பாக்கெட் தெச்சுக்கச் சொல்லுங்க. அகலம் அஞ்சு அங்குலம், ஆழம் ஏழு. துணி காடாவா இருக்கட்டும், சாட்டின் வழுக்கும். நாடாவுக்கு மூணு அங்குலம் கீழே, முன்பக்கமா, கொசுவம் மறைக்கிற இடத்துல. இடுப்புப் பக்கவாட்டுல வெச்சா உட்காரும்போது குத்தும், எழுந்தா புடைப்பு தெரியும். ஐந்நூறு ரூபாய்த் தாள் 15 சென்டிமீட்டர் நீளம், ஒருமுறை மடிச்சா தாராளமா அடங்கும். ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுட்டு உள்ளே வைங்க, இல்லைன்னா மதியத்துக்குள்ள வேர்வையில நோட்டு ஊறிடும்.

கொண்டித்தோப்பு | நவம்பர் 11, காலை 10.40

ரப்பர் பேண்ட் விஷயத்துல நான் சொன்னது அரைகுறை. தையல்கடைக்காரர் சொன்னதுதான் சரி. முதல்ல தையல், அப்புறம் ரப்பர் பேண்ட்.

வேட்டி கட்டுற பெரியவர் யாராவது கூட வந்தா பட்டாபட்டி டிராயர் பாக்கெட்டோ, பர்ஸ் வெச்ச பச்சை பெல்ட்டோ போதும். பெல்ட்டின் பர்ஸ் பக்கம் வயித்துக்கு நேரா இருக்கணும், முதுகுப் பக்கம் திரும்பிடக் கூடாது.

மாயவரம் | நவம்பர் 11, மதியம் 1.05

பிளேடு போட்டா? பேக்பேக்தான் கொண்டு வர்றேன்.

கொண்டித்தோப்பு | நவம்பர் 11, மதியம் 2.20

பிளேடு பையோட அடியிலயும் பக்கவாட்டுலயும்தான் விழும். அதனால மாத்துத் துணியையும் துண்டையும் அடியிலயும் வெளிப்பக்கமும் அடுக்கி, முக்கியமானதை உங்க உடம்பை ஒட்டின பக்கம் வைங்க. சின்னப் பொருளை மூடி இறுக்கமான எவர்சில்வர் டிபன் பாக்ஸ்ல போட்டுடலாம். பையைக் கிழிச்சாலும் கிழிசல் வழியா அது சுலபமா வராது.

பஸ்லயும் நெரிசலான தெருவிலயும் பையை முன்னாடி மாட்டுங்க. ரெண்டு ஜிப் இழுப்பானையும் ஒரே ஊக்குல கோத்து விடுங்க. ஊக்கைத் துணியில மட்டும் குத்தினா பிரயோஜனமில்லை, இழுப்பானோட ஓட்டை வழியாப் போகணும். பூட்டு வேண்டாம். உள்ளே ஏதோ இருக்குன்னு சொல்ற மாதிரி ஆகிடும்.

ராயபுரம் | நவம்பர் 11, இரவு 7.30

தாலிச் செயினையும் ரவிக்கையோட ஊக்குப் போட்டுக் குத்திக்கிட்டா நல்லதுன்னு சொல்றாங்களே?

கொண்டித்தோப்பு | நவம்பர் 11, இரவு 8.10

கோயில் கூட்டத்துல சரி. அங்கே பின்கழுத்துல கட்டர் வெச்சு நறுக்கி மெதுவா உருவுவாங்க. ஊக்கு இருந்தா செயின் நழுவாது, இழுபடுறது தெரியும்.

கொண்டித்தோப்பு | நவம்பர் 12, காலை 7.05

நேத்து எழுதினதைத் திருத்துறேன். ரோட்டோரம் நடக்கும்போது அந்த ஊக்கு ஆபத்து. பைக்கில வந்து இழுத்தா செயின் அறுந்து போறதோட நிக்காது, ஆளையே கீழே தள்ளி இழுத்துட்டுப் போகும். கழுத்து அறுபடும். நகை எடையைவிட உயிர் பெரிசு.

அதனால இந்த நாலு நாளைக்கு அம்மாவும் அக்காவும் மஞ்சள் கயிறு கட்டிக்கட்டும், செயினை வீட்டிலயே விட்டுட்டு வரட்டும். குழந்தைங்க அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாமே கழட்டிடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி நகை போட்டுக்கிட்டு எம்.சி. ரோட்டில் அலையறதால யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

கொண்டித்தோப்பு | நவம்பர் 12, இரவு 9.00

எல்லாரும் ரொக்கத்தையே பேசுறோம். இன்னைக்குப் பெரிய நஷ்டம் போன்ல. அதைவிடப் பெரிசு, போனும் டெபிட் கார்டும் ஒண்ணாப் போறது. இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க.

யுபிஐ ரகசிய எண்ணை மாத்த என்ன கேட்கும்? கார்டோட கடைசி ஆறு எண், காலாவதி மாசம் வருஷம், போனுக்கு வர்ற ஓடிபி. கார்டு போன் உறைக்குள்ளயே சொருகி இருந்தா மூணும் ஒரே கையில் கிடைச்சாச்சு. போன் பூட்டியிருந்தாலும் சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி அங்கே வரும். அதனால:

போன் உறைக்குள்ள கார்டு வேண்டவே வேண்டாம். போன் உங்ககிட்ட, கார்டு அக்காகிட்ட.

சிம்முக்கு ரகசிய எண் போடுங்க. செட்டிங்ஸ்ல சிம் லாக்னு இருக்கும். முதல்முறை கம்பெனி வெச்ச எண்ணைக் கேட்கும். அதை வாடிக்கையாளர் சேவையில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு ஊர்லயே செய்யுங்க, ஊகிச்சுப் போடாதீங்க. மூணு தடவை தப்பினா சிம்மைத் திறக்கிற பியுகே எண்ணைக் கேட்கும், அதைப் பத்து தடவை தப்பாப் போட்டா சிம்மே செத்துடும்.

பூட்டிய திரையில மெசேஜ் உள்ளடக்கம் தெரியாதபடி மறைச்சுடுங்க. இது இல்லைன்னா பூட்டுப் போட்டே பிரயோஜனம் இல்லை, ஓடிபி வெளியவே தெரியும்.

கார்டைத் தட்டிக் கட்டுற வசதி 5,000 ரூபாய் வரைக்கும் ரகசிய எண் கேட்காது. பயணம் முடியற வரைக்கும் பேங்க் ஆப்ல அதை நிறுத்தி வைங்க. ஏடிஎம் எடுப்பு வரம்பையும் குறைச்சுடுங்க.

ஆப்ல கொஞ்சம் பணம் ஏத்தி வெச்சுச் சின்னச் செலவுக்குக் கட்டுற யுபிஐ லைட் கூட்டத்துல வசதிதான், யாரும் எட்டிப் பார்க்க ரகசிய எண்ணே அடிக்க வேண்டாம். ஆனா போன் திறந்த நிலையில போனா அதுல இருக்கிற பணமும் கூடவே போகும். ஐந்நூறு, ஆயிரத்துக்கு மேல ஏத்தாதீங்க. மெட்ரோவுக்கும் மாநகரப் பேருந்துக்கும் சிங்காரச் சென்னை கார்டு வாங்கினாலும் இதே கணக்கு, அதுல ஏத்தின தொகை ரொக்கம் மாதிரி.

மாயவரம் | நவம்பர் 13, காலை 8.15

கார்டு என் போன் உறைக்குள்ளதான் இருந்தது. எடுத்துட்டேன். எழும்பூர்ல இருந்து பஸ்ஸா, மெட்ரோவா?

கொண்டித்தோப்பு | நவம்பர் 13, காலை 9.30

மெட்ரோ. எழும்பூர்ல ஏறி சென்ட்ரல்ல நீல வழித்தடத்துக்கு மாறுங்க. எம்.சி. ரோட்டுக்கு வண்ணாரப்பேட்டை அல்லது தியாகராயா கல்லூரி. என்.எஸ்.சி. போஸ் ரோடு, பூக்கடைக்கு உயர் நீதிமன்றம் நிலையம். திருவொற்றியூர்க் கோயிலுக்குத் தேரடி. சென்ட்ரல்ல மாறினா தேரடி வரைக்கும் ஒரே ரயில்ல போயிடலாம்.

மெட்ரோவில் கவனிக்க வேண்டிய இடம் நுழைவுச் சோதனை. பை எந்திரத்துக்குள்ள போயிடும், நீங்க சோதனை வரிசையில நிப்பீங்க. பை அந்தப் பக்கம் அனாதையா வந்து நிக்கும். ஒருத்தர் முதல்ல சோதனை முடிச்சு அந்தப் பக்கம் போய் நின்ன பிறகு பைகளை விடுங்க. போனையும் பர்ஸையும் தனியாத் தட்டுல வைக்காம பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடுங்க.

ராயபுரம் | நவம்பர் 13, இரவு 7.45

பஸ்தான் பிடிக்க வேண்டி வந்தா: இளஞ்சிவப்பு முகப்பு போட்ட பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கண்டக்டர் சீட்டு மட்டும் கொடுப்பார். அதனால அம்மாவும் அக்காவும் பர்ஸைத் திறக்கவே தேவையில்லை. நீங்க டிக்கெட் காசைச் சில்லறையா ஏறுறதுக்கு முன்னாடியே கையில் எடுத்துக்கணும். படியில் முண்டியடிக்கிற பஸ்ஸை விட்டுடுங்க. பாரிமுனையில திருவொற்றியூர்ப் பக்கம் போற பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் காத்திருக்கத் தேவை இருக்காது.

புறநகர் ரயில்ல கதவோரம் நின்னு போன் பார்க்காதீங்க. பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டைப் பக்கம் சிக்னலுக்கு வண்டி மெதுவாகும்போது கீழே இருந்து கையில் தட்டினா போன் தண்டவாளத்துல விழும். அதைப் பிடிக்கக் குனிஞ்சு உயிரை விடுறவங்க உண்டு. ஜன்னலோரமும் அப்படித்தான்.

கொண்டித்தோப்பு | நவம்பர் 14, இரவு 8.30

எம்.சி. ரோட்டில் தெருவைவிடக் கடைக்குள்ளதான் அதிகம் ஏமாறுவாங்க. விரிப்பில் உட்கார்ந்ததும் பையைப் பக்கத்துல வைப்பீங்க. பத்து நிமிஷத்துல அது மேல பதினைந்து புடவை குவிஞ்சிருக்கும். பக்கத்துல உட்கார்ந்தவங்க அந்தக் குவியலோட சேர்த்து பையையும் நகர்த்தினா தெரியவே தெரியாது. கண்ணாடி முன்னாடி புடவையைத் தோள்ல போட்டுப் பார்க்கும்போதும் இதேதான்.

அஞ்சு பேர்ல ஒருத்தர் அந்தக் கடையில எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. பை மட்டும் அவர் மடியில. அடுத்த கடைக்கு ஆளை மாத்திக்குங்க. ஒரே ஆளை நாள் முழுக்க உட்கார வெச்சா அவருக்கும் புடவை பார்க்கத் தோணும், பை போயிடும்.

சௌகார்பேட்டையில தெருவே குறுகல். சரக்கு ஏத்தின மூணு சக்கர மீன்பாடி வண்டியோ கைவண்டியோ வரும், "ஓரம், ஓரம்"னு குரல் வரும், மொத்தக் கூட்டமும் ஒரு பக்கமா நசுங்கும். அந்த அஞ்சு நொடியில பையைச் சுவர்ப்பக்கம் திருப்பிடுங்க. கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தேவராஜ முதலித் தெரு எல்லாம் இப்படித்தான். மின்ட் தெருவில் சாட் சாப்பிடும்போது போனைக் கடைப் பலகை மேல வைக்கிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. ரெண்டு பேர் சாப்பிடட்டும், மத்தவங்க பிறகு சாப்பிடட்டும்.

அந்தோணியார் கோயிலுக்காக ஆர்மீனியன் தெருவில் செவ்வாய்க்கிழமை கூட்டம் அதிகம். துணி வேலையை வேற நாள் வெச்சுக்குங்க.

கொண்டித்தோப்பு | நவம்பர் 14, இரவு 8.55

ரெண்டு தந்திரம். "சார், உங்க பணம் கீழே விழுந்துடுச்சு"ன்னு பத்து ரூபாய்த் தாள் ரெண்டு மூணு தரையில் கிடக்கும். குனியாதீங்க, உங்க பணம் பாக்கெட்டுலதான் இருக்கு. இன்னொண்ணு, சட்டை முதுகுல சாணியோ பிஸ்கட்டோ ஒட்டியிருக்கும், ஒருத்தர் அக்கறையா துடைக்க வருவார். தொட விடாதீங்க. பக்கத்துக் கடைக்குள்ள போய்த் தண்ணி கேட்டு நீங்களே கழுவிக்குங்க.

ராயபுரம் | நவம்பர் 15, காலை 5.50

காசிமேட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளா எடுத்துட்டு வராதீங்க. கை ஈரம், தரை வழுக்கல், ஏலம் கத்துற சத்தம். கூடையில குனிஞ்சா சட்டைப் பாக்கெட்டுல இருக்கிற போன் தானா விழும் அல்லது விழ வைக்கப்படும். பேன்ட்டுல முன்பாக்கெட், ஜிப் போட்டது. செவுள் தூக்கிப் பார்க்க ஒருத்தர், காசு கொடுக்க இன்னொருத்தர்னு பிரிச்சுக்குங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடை, அது முடிஞ்சு வர்ற ஞாயிறு மாதிரி நெரிசல் இப்போ இருக்காது.

கொண்டித்தோப்பு | நவம்பர் 15, இரவு 9.20

திருவொற்றியூர்: கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் ஆதிபுரீசுவரர் கவசம் இல்லாம தரிசனம் தர்றதால வருஷத்துலயே பெரிய கூட்டங்கள்ல ஒண்ணு அது. பௌர்ணமின்னா காலையில மேலூர் திருவுடையம்மன், உச்சியில வடிவுடையம்மன், மாலையில வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன்னு மூணு கோயிலுக்கும் ஒரே நாள்ல போறவங்களும் சேருவாங்க. ஒருநாள் தள்ளிப் போனா கவசம் இல்லாத தரிசனத்தை இழக்க மாட்டீங்க, நெரிசல் குறையலாம்.

தட்டு, பூ, தேங்காய்ன்னு ரெண்டு கையும் நிறைச்சுக்கிட்டு வரிசையில நிக்காதீங்க. ஒரு தட்டு ஒருத்தர் கையில். தீபாராதனை மணி அடிக்கும்போது எல்லாரும் கை தூக்கி எட்டிப் பார்ப்பாங்க, கீழே வெச்ச பை அப்போதான் நகரும். பையை வயித்துல மாட்டிக்கிட்டே கும்பிடுங்க. உண்டியல் காசை வரிசைக்கு முன்னாடியே எடுத்து உள்ளங்கையில வெச்சுக்குங்க.

வண்ணாரப்பேட்டை தையல்கடை | நவம்பர் 16, காலை 11.00

பழைய ஆளுங்க "முடிச்சவிழ்க்கி"ன்னு திட்டுவாங்க. முந்தானையில, வேட்டி நுனியில காசை முடிஞ்சு வெச்ச காலத்துச் சொல். முடிச்சு போய் ஜேப்பு வந்ததும் ஜேப்படி. ஜேப்புங்கிறது உருது. சட்டை மாறினா திருட்டோட பேரும் மாறுது.

மாயவரம் | நவம்பர் 16, இரவு 8.40

இவ்வளவும் செஞ்சும் போயிட்டா?

கொண்டித்தோப்பு | நவம்பர் 16, இரவு 10.05

பஸ்ஸுக்குள்ளன்னா உடனே சத்தமா சொல்லுங்க, கண்டக்டர்கிட்ட கதவை மூடச் சொல்லுங்க, சீட்டுக்கு அடியில பாருங்க. மாட்டிக்குவோம்னு பயந்தா கீழே போட்டுடுவாங்க. சந்தேகப்பட்டவரை யாரும் அடிக்க விடாதீங்க. தப்பான ஆளா இருக்கலாம், சரியான ஆளா இருந்தாலும் அடிக்கிறது குற்றம். போலீஸைக் கூப்பிட அவசர எண் 112.

அடுத்தது வேற போன்ல இருந்து: முதல்ல சிம்மை முடக்குங்க. பிறகு பேங்கில கார்டும் யுபிஐயும். பணம் ஏற்கனவே போயிருந்தா தாமதிக்காம இணைய மோசடிப் புகார் எண் 1930. பேங்குக்குச் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வைங்க. சொன்ன பிறகு போற பணம் பேங்கின் பொறுப்பு, அதுக்கு முன்னாடி போனதுக்குத்தான் வாதாட வேண்டி வரும்.

கொண்டித்தோப்பு | நவம்பர் 17, காலை 6.30

வரிசையில ஒரு திருத்தம். அக்கா பக்கத்துலயே இருந்து, அவங்க போன்ல உங்க கூகுள் கணக்கு முன்னாடியே திறந்திருந்தா, சிம்மை முடக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எடுத்து போனைத் தொலைவிலிருந்து பூட்டிடுங்க. சிம் முடங்கினா, வைஃபை இல்லாத போனுக்கு அந்தக் கட்டளை போய்ச் சேராது. முன்னாடியே திறந்து வைக்கலைன்னா அந்த முயற்சியே வேண்டாம். உள்நுழைய ஓடிபி கேட்கும், அது தொலைஞ்ச போனுக்கே போகும். நேரா சிம்.

போலீஸ்: ரயில் நிலையத்துக்குள்ளன்னா இருப்புப்பாதை காவல் நிலையம், ரயில்ல இருந்தே உதவிக்கு 139. தெருவில்னா அந்தந்த ஏரியா காவல் நிலையம். "எங்க எல்லை இல்லை"ன்னு திருப்பி அனுப்பினா, எல்லை பார்க்காம முதல் தகவல் அறிக்கை பதியணும்னு 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆவது பிரிவு சொல்றதை மரியாதையா எடுத்துச் சொல்லுங்க. நகல் இலவசம். புகார் வாங்கினதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தா அதையும் வாங்கிக்குங்க, பதிவையும் கேளுங்க.

அந்தப் புகார் நகலோட மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல போனோட அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை முடக்கணும். எண் தெரிய இப்பவே *#06# அடிச்சுப் பாருங்க, ரெண்டு சிம் போன்ல ரெண்டு எண் வரும், ரெண்டையும் எழுதுங்க. போன் வாங்கின பில்லைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பி வைங்க. முடக்கினா இந்தியாவில எந்த சிம் போட்டாலும் அதுல வேலை செய்யாது.

பர்மா பஜார்லயோ வேற எங்கயோ பழைய போன் வாங்குறவங்களும் கேளுங்க: கேஒய்எம் (KYM)னு மூணு ஆங்கில எழுத்து, இடைவெளி, ஐஎம்இஐ எண், இதை 14422-க்கு அனுப்பினா அந்த போன் முடக்கப்பட்டதான்னு பதில் வரும். விலை குறைவுன்னு பார்க்காம வாங்குறவங்க இருக்கிற வரைக்கும்தான் எடுக்கிறவனுக்கு வியாபாரம்.

மாயவரம் | நவம்பர் 18, இரவு 9.15

பாவாடைப் பாக்கெட் தெச்சாச்சு. சிம் ரகசிய எண் போட்டாச்சு. பசங்களுக்கு ஏழு வயசு, நாலு வயசு. அவங்களைப் பிடிச்சா பையை விட வேண்டியிருக்கு.

கொண்டித்தோப்பு | நவம்பர் 18, இரவு 9.40

பையை விடுங்க, குழந்தையைப் பிடிங்க. குழந்தை கையைப் பிடிக்கிறவர்கிட்ட பணமும் இருக்கக் கூடாது, பையும் இருக்கக் கூடாது, அதை முன்னாடியே முடிவு பண்ணிக்கிட்டு அவர் பங்குப் பணத்தை மத்தவங்ககிட்ட கொடுத்துடுங்க. ரெண்டு பேர் சட்டைப் பாக்கெட்டுலயும் ஒரு சீட்டு: உங்க எண், அக்கா எண், அம்மா எண். பேர் எழுத வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுறவங்களை நம்பிக் குழந்தை போயிடும். அதே மாதிரி ஒரு சீட்டு உங்க பாக்கெட்டுலயும் இருக்கட்டும், பேங்கின் 24 மணி நேர எண்ணோட. போன் போனா அக்கா நம்பர் மனப்பாடமா யாருக்கும் தெரியாது.